சர்க்கரை அம்மா அப்படியே சொன்ன நாள்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், மருந்து வாங்கும் வரிசைக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஒரு மேசை கிடக்கும். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவளை எல்லாரும் சர்க்கரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள், இந்த அம்மாவுக்கும் சர்க்கரை வியாதி போலிருக்கிறது, பாவம், என்று இரக்கத்தோடு பார்ப்பார்கள். அவள் உடம்பில் ஒரு குறையும் கிடையாது. வாயில்தான் சர்க்கரை.

வேலை மொழிபெயர்ப்பு. அந்த ஊர் டாக்டர்களுக்குத் தமிழ் தெரியாது. பிழைக்கப் போன தமிழ் ஆட்களுக்கு, அதிலும் வயசானவர்களுக்கு, அந்த ஊர் மொழி கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வரும். எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டிவிடலாம். எப்படி வலிக்கிறது என்று எதைக் காட்டுவது? அதற்காக அவளை டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே விதியைச் சொல்லிவிட்டார்கள். இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம், அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கம், கூட்டாமல் குறைக்காமல். அவள் பவ்யமாகத் தலையாட்டினாள். அவள் தலையாட்டினால் கேட்டுக்கொண்டேன் என்று பொருளே தவிர, ஒத்துக்கொண்டேன் என்று பொருள் இல்லை. அது அவர்களுக்குத் தெரியாது.

அந்த ஊர் ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் மனசில் தோன்றியது அப்படியே வாய்க்கு வந்துவிடும், நடுவில் ஒரு வடிகட்டியும் கிடையாது. டாக்டர் நோயாளியை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் அளவுக்கு மீறித் தின்கிறீர்கள்" என்பார். சர்க்கரை அம்மா இந்தப் பக்கம் திரும்பி, "டாக்டருக்கு உங்க மேல ரொம்ப அக்கறை. கொஞ்சம் பாத்துச் சாப்பிடுங்கன்னு சொல்றாரு" என்பாள். நம் ஆட்கள் மட்டும் என்ன, லேசுப்பட்டவர்களா? "இவனுக்கு மீசையே ஒழுங்கா மொளைக்கல, இவன் எனக்கு வைத்தியம் பாக்கறானா?" என்று ஒரு பெரியவர் பொரிந்து தள்ளுவார். அவள் அந்தப் பக்கம் திரும்பி, "இவ்வளவு இளம் வயதில் இத்தனை படித்திருக்கிறீர்களே என்று வியக்கிறார்" என்பாள். டாக்டர் வெட்கப்பட்டுச் சிரிப்பார். டாக்டரே சிரித்துவிட்டாரே என்று பெரியவரும் இளகிவிடுவார். இரண்டு பேரும் கைகுலுக்கிப் பிரிவார்கள்.

இப்படியாக அந்த ஆஸ்பத்திரியில் சண்டை நடக்காத ஒரே அறை அவளுடையது என்று பேர் வாங்கினாள். மேலதிகாரிகள் பாராட்டி ஒரு கோப்பைகூடக் கொடுத்தார்கள். "நாம வார்த்தையையா கொண்டு போறோம்? மனசைத்தானே கொண்டு போறோம்" என்று வீட்டில் அவ்வப்போது சொல்லிக்கொள்வாள். அந்த மனசு யாருடையது என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை.

ஒருமுறை ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். அன்றாடப் பேச்சில் பண்பாட்டு வேறுபாடுகளைப் புரிந்துகொள்வது என்று தலைப்பு. இஸ்திரி கலையாத சட்டை போட்ட ஓர் இளைஞர் திரையில் படம் காட்டிக்கொண்டே விளக்கினார். "சில சமூகங்களில் நேரடியாக மறுத்துப் பேச மாட்டார்கள். ஆசை இருந்தாலும் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். அவர்களிடம் இரண்டாவது தடவை கேட்க வேண்டும், மூன்றாவது தடவையும் கேட்க வேண்டும்." சொல்லிவிட்டுச் சர்க்கரை அம்மாவைப் பார்த்தார். "உங்கள் ஆட்கள் அப்படித்தானா?"

அவள் புன்னகையோடு, "அப்படியெல்லாம் இல்லை" என்றாள். தன் ஜனங்களை இத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுக்க முடியுமா? அவர் சரி என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

இவளுக்கு ஒரே மகள். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. கூட வேலை பார்க்கும் அந்த ஊர்ப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். பையன் பாலம் கட்டும் இன்ஜினியர். தங்கமான பிள்ளை. அப்பா இல்லை. அம்மாவும் ஓர் அண்ணனும்தான். அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரியாக இருந்தவர். இதைக் கேட்டதும் சர்க்கரை அம்மாவின் கணவர், "அப்ப தராசம்மான்னு சொல்லு" என்றார். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயர்தான்.

கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். டிக்கெட், இறங்குங்கள், உள்ளே தள்ளிப் போங்கள் என்ற அளவுக்கு அந்த ஊர் மொழி பேசுவார். மனசு தாராளம், வாய் அதைவிடத் தாராளம். ஆனால் யார் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்று சொல்வது அவருக்கு மூச்சு விடுவது மாதிரி.

சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாகப் போனார்கள். சுத்தமென்றால் அப்படி ஒரு சுத்தம். மேசை விரிப்பின் நான்கு ஓரமும் ஒரே அளவாகத் தொங்கின. தராசம்மா வரவேற்று உட்காரவைத்து, "டீ வேண்டுமா?" என்று கேட்டார். கணவர் இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். கை ஆட்டலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தராசம்மா சரி என்று தலையசைத்துவிட்டு, தனக்கு மட்டும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு வந்து, எதிரே உட்கார்ந்து, ஆற அமரக் குடித்தார். கணவர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு மாலை வரைக்கும் நீண்டது. தண்ணீர் என்று கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

நடுவில் தராசம்மா, "உங்கள் கணவர் அதிகம் பேசுகிறார்" என்றார். சர்க்கரை அம்மா, "உங்க பேச்சு கலகலப்பா இருக்குன்னு சொல்றாங்க" என்றாள். மகள் மேசைக்கடியில் அம்மாவின் காலை மிதித்தாள். கலகலப்பானவர் இன்னும் பேசினார்.

திரும்பி வரும் வழியில் அவர் பொருமித் தீர்த்துவிட்டார். "ஒரு வாய் டீக்கு வழியில்லாத வீட்டுலயா பொண்ணைக் குடுக்கறோம்?"

"கேட்டாங்கல்ல? நீங்கதானே வேணாம்னு கைய ஆட்டுனீங்க."

"ஒரு தடவதானே கேட்டாங்க" என்றார் அவர். அதற்கு மேல் அதில் விளக்க ஒன்றும் இல்லை என்பது அவர் கட்சி. அவளும் ஒத்துக்கொண்டாள்.

அதே சமயத்தில்தான் தச்சர் விஷயம் நடந்தது. கால் விரலில் ஆறாத புண்ணோடு வந்த மனிதர். டாக்டர் பார்த்துவிட்டு, "புண் ஆறும்வரை இவர் நிற்கவே கூடாது. நின்று வேலை செய்தால் விரல் போகும், பிறகு காலும் போகும்" என்றார். தச்சரின் முகம் ஏற்கெனவே வெளுத்திருந்தது. சர்க்கரை அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "காலுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுக்கணுங்கறாரு. பயப்படாதீங்க, சரியாப் போயிடும்" என்றாள். முதல் வாக்கியத்தில் பாதி டாக்டருடையது. மீதி எல்லாம் அவள் கைச்சரக்கு.

தச்சரும் ஓய்வு கொடுத்தார், விடுமுறை நாட்களில். அடுத்து அவள் அவரைப் பார்த்தபோது கட்டு பெரிதாக இருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அவர் அவளைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. கூடப் பழம் வாங்கி வந்திருந்தார். "அன்னைக்கு நீங்க பேசின பேச்சுதாம்மா எனக்குத் தெம்பு. இல்லன்னா பயத்துலயே செத்திருப்பேன்" என்று கும்பிட்டார். அவள் பழத்தை வாங்கி மேசையில் வைத்தாள். நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அன்று முழுவதும் அந்தப் பை பிரிக்காமலே இருந்தது. அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாளிலிருந்து சர்க்கரை அம்மா சொன்னதை அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி கிடுகிடுத்துப் போயிற்று. அளவுக்கு மீறித் தின்பவர், அளவுக்கு மீறித் தின்கிறீர்கள் என்பதைத் தமிழில் கேட்டுவிட்டு விருட்டென்று எழுந்து போனார். மீசை முளைக்காத டாக்டர், தன் மீசையைப் பற்றிய அபிப்பிராயத்தை முதன்முறையாகக் கேட்டு, நாள் முழுக்க மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தம்மாவுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று நர்ஸுகள் குசுகுசுத்தார்கள். ஆனால் அந்த மாதம் மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள் கூடிப்போனார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளைக்கு இரண்டு வேலை தேடி வந்தது. ஒன்று இதே நகரத்தில். இன்னொன்று வேறொரு நாட்டில், விமானத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டிய தூரத்தில், சம்பளமும் பெரிது, பாலமும் பெரிது. கல்யாணத்துக்கு முன்னால் இதை முடிவு செய்ய வேண்டும். அதற்காகச் சம்பந்தியும் மாப்பிள்ளையும் இவர்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

முந்தின நாள் மகள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். "அம்மா, நாளைக்கு நீ ஒண்ணையும் மாத்தக் கூடாது. அப்பா சொல்றத அப்படியே சொல்லு. அவங்க சொல்றதயும் அப்படியே சொல்லு. உன் சரக்கு எதுவும் வேணாம்."

"நான் எதுக்கு மாத்தப் போறேன்?"

"சத்தியமா?"

"சத்தியமா" என்றாள் சர்க்கரை அம்மா. தச்சரின் கட்டு கண் முன்னால் வந்து போயிற்று.

அன்று இரவு கணவர் சாப்பிட்டுக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "பஸ்ஸுல பொண்ணு வேலை செய்யற கட்டடத்தத் தாண்டறப்ப ஒரு தடவ ஹாரன் அடிப்பேன். அவளுக்குத் தெரியும், அப்பா போறாருன்னு" என்றார். போகக்கூடாது என்பதை அவர் வீட்டில் அவ்வளவு விளக்கமாகச் சொன்னதே அதிகம்.

தராசம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். டீ வேண்டுமா என்று கேட்டதற்கு, "வேண்டும். சர்க்கரை வேண்டாம்" என்றார். கணவர் அதைச் சற்றே அதிர்ச்சியோடு பார்த்தார். எல்லாரும் உட்கார்ந்தார்கள். சர்க்கரை அம்மா பழக்கதோஷத்தில் இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே உட்கார்ந்ததும் அவள் அம்மா இல்லை, ஆஸ்பத்திரிக்காரி ஆகிவிட்டாள். அது அவளுக்கே அப்போது தெரியவில்லை.

தராசம்மா சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார். "எனக்கு இன்னொரு மகன் பக்கத்துத் தெருவில் இருக்கிறான். உங்களுக்கு இவள் ஒருத்திதான். இவர்கள் தூரமாகப் போனால் உங்களுக்குத்தான் இழப்பு அதிகம். அதனால் நான் என் விருப்பத்தைச் சொல்லப் போவதில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் இவர்கள் போக மாட்டார்கள். இதற்கு இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் முடிவு என்ன?"

சர்க்கரை அம்மா ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னாள். சொல்லும்போதே உள்ளுக்குள் குளிர்ந்தது. இவ்வளவு நியாயமாக யாரும் அவர்களிடம் பேசியதில்லை.

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தார். ஒரு பையனின் பெரிய வேலையை, அவன் அம்மா எதிரிலேயே, வேண்டாம் என்று வெட்டிச் சொல்வதா? நாகரிகம் தெரிந்தவன் செய்கிற காரியமா அது? "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். "புள்ளைங்க நல்லா இருந்தாப் போதும். எங்க போனாலும் சரி. எங்களப் பத்தி என்ன இருக்கு."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இனி சம்பந்தி, இல்லை இல்லை, மனசில் இருப்பதைச் சொல்லுங்கள் என்பார். இவர், அதெல்லாம் இல்லை என்பார். சம்பந்தி மறுபடியும் வற்புறுத்துவார். அப்போது இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இருந்தாலும் ஒரே பொண்ணு, கண்ணு முன்னால இருந்தா நல்லாருக்கும், என்பார். இப்படித்தான் அவர் வாழ்நாளில் எல்லா முக்கியமான விஷயமும் முடிவாகியிருக்கிறது.

சர்க்கரை அம்மாவுக்கு அது முழுக்கத் தெரியும். பழைய சர்க்கரை அம்மாவாக இருந்தால் அந்தப் பக்கம் திரும்பி, "போகவேண்டாம் என்று கெஞ்சுகிறார்" என்று மொழிபெயர்த்திருப்பாள். அவள் வாழ்க்கையிலேயே ஆகச் சரியான மொழிபெயர்ப்பு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சத்தியம் செய்திருந்தாள். மகள் எதிரே உட்கார்ந்திருந்தாள். "பிள்ளைகள் நன்றாக இருந்தால் போதும். எங்கே போனாலும் சரி. எங்களைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று, கூட்டாமல் குறைக்காமல், சொன்னாள்.

தராசம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி" என்றார். "அப்படியானால் முடிந்தது. போகட்டும்."

சர்க்கரை அம்மா மகளைப் பார்த்தாள். அப்பா சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குத் தெரியாதா? மகள் டீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தேவைப்பட்டால் ஒன்றை மறந்துவிடலாம்.

கணவர் மெல்ல, "என்ன சொல்றாங்க?" என்றார்.

"சரிங்கறாங்க. போகட்டுமாம்."

"ஓ" என்றார் அவர். பிறகு மாப்பிள்ளையின் தோளைத் தட்டி, "ரொம்ப சந்தோஷம், ரொம்ப சந்தோஷம்" என்றார். இதையும் அவள் அப்படியே மொழிபெயர்த்தாள்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவும்போது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பாவே சரின்னுட்டாரு" என்றாள், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"ஆமா, அப்பாவே சொல்லிட்டாரு" என்றாள் சர்க்கரை அம்மா. இரண்டு பேரும் ஆளுக்கொரு பாத்திரத்தைத் துடைத்தார்கள். மேலே ஒரு வார்த்தை பேசியிருந்தால் ஒருத்தி அழுதிருப்பாள், யார் என்பதுதான் தெரியாது.

கல்யாணம் முடிந்து, வழியனுப்ப விமான நிலையம் போனார்கள். மகளும் மாப்பிள்ளையும் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய், ஒரு தடவை திரும்பிக் கையாட்டிவிட்டுக் கூட்டத்தோடு கலந்தார்கள். கணவர் அதற்குப் பிறகும் கையை இறக்காமல் நின்றார். ஹாரன் அடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

தராசம்மா சர்க்கரை அம்மாவின் பக்கம் வந்து நின்றார். வழக்கம்போல நேராகக் கேட்டார். "உங்களுக்கு வருத்தமாக இருக்கிறதா?"

அதெல்லாம் இல்லை என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் இந்த மனுஷி ஒரு தடவைதான் கேட்பாள் என்பது இப்போது அவளுக்குத் தெரியும். "ஆமாம்" என்றாள். "தாங்க முடியவில்லை. அவர்கள் போகக் கூடாது என்றுதான் நினைத்தோம். இருவருமே."

தராசம்மா முகத்தைச் சுளித்தார். "பிறகு ஏன் சொல்லவில்லை? நான் கேட்டேனே. நீங்கள் வேண்டாம் என்று சொல்வீர்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். இவன் என் சின்னவன். எனக்கும் இவன் போவதில் விருப்பமில்லை. ஆனால் ஒரே மகளைப் பெற்றவர்களே சம்மதிக்கும்போது, இன்னொரு மகனை வைத்திருக்கும் நான் எந்த முகத்தோடு தடுப்பேன்?" அவர் கண்கள் கலங்கியிருந்தன. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு, நான்காக மடித்து உள்ளே வைத்தார்.

சர்க்கரை அம்மா மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். மூன்று பேர் போகாதே என்று நினைத்திருக்கிறார்கள். மூன்று பேரும் நல்லவர்களாக இருந்ததால் இரண்டு பேர் போய்விட்டார்கள். நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்து அதை முடித்து வைத்தவள் அவள்தான், ஒரு பிழையும் இல்லாமல்.

கணவர் கையை ஒருவழியாக இறக்கிவிட்டு வந்தார். சம்பந்தியின் சிவந்த கண்ணைப் பார்த்துப் பதறினார். "என்னவாம்? என்ன சொல்றாங்க?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே சொன்னால் இந்த மனுஷன் இனி ஒரு நாள்கூடத் தூங்க மாட்டார்.

"வீட்டுக்கு வந்து ஒரு டீ குடிச்சிட்டுப் போகச் சொல்றாங்க" என்றாள்.

"வேணாம்னு சொல்லு. எதுக்கு அவங்களுக்குச் சிரமம்?"

சர்க்கரை அம்மா அந்தப் பக்கம் திரும்பினாள். "உங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிக்க வேண்டும் என்கிறார். இப்போதே" என்றாள்.

தராசம்மா ஒரு கணம் யோசித்தார். "சரி" என்றார். "அவருக்கு எத்தனை கரண்டி சர்க்கரை?"

"மூணு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு மூன்று விரலைக் காட்டினாள்.